தாத்தாவின் ஒமேகாவைப் பழுது பார்க்காமலே விற்ற கதை

அப்பா காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து பீரோவை ஒழித்தோம். எல்ஐசி பத்திரங்களுக்கு அடியில் ஒரு மூக்குப்பொடி டப்பா. திறந்தால் பஞ்சுக்கு நடுவில் தாத்தாவின் ஒமேகா. சாவி கொடுக்கும் வாட்ச், எஃகு கேஸ், ஆறுக்கு மேலே விநாடிக்கெனத் தனியாக ஒரு குட்டி வட்டம். அவருடைய மச்சினர் பினாங்கிலிருந்து கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது என்பது வீட்டுக் கதை.

நாங்கள் மூன்று பேர், வாட்ச் ஒன்று. அக்கா வேண்டாம் என்றாள். தம்பி கையில் ஸ்மார்ட் வாட்ச். நான் வைத்துக்கொண்டாலும் மறுபடி பஞ்சுக்குள்தான் போகும். சரி, விற்றுப் பிரித்துக்கொள்வோம் என்று முடிவானது. ஆனால் முழுசாகச் சாவி கொடுத்தாலும் நாலு மணி நேரத்தில் நின்றுவிடும். "ரிப்பேர் பண்ணி வித்தா டபுளா போகும்டா" என்றார் சித்தப்பா. விற்கிற வீட்டுக்கு வெள்ளை அடிப்பதில்லையா, அதுபோல என்று நானும் தலையாட்டினேன்.

பழக்கமான கடை ஒன்றுக்கு எடுத்துப் போனேன். வாங்கிப் பார்த்த உடனே தீர்ப்பு வந்துவிட்டது: டயலை அழித்துப் புதுசாக எழுதலாம், கேஸுக்கு பஃபிங் (மெஷினில் தேய்த்து மெருகேற்றுவது), முள்ளில் பழைய ரேடியத்தைச் சுரண்டிவிட்டுப் புதுசு, சர்வீஸ், எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய். "புது வாட்ச் மாதிரி ஆயிடும் சார்." கொடுத்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் வைத்துவிட்டுப் போகச் சொன்னதால் மட்டும்தான் திரும்ப வாங்கிக்கொண்டேன். அது என் புத்திசாலித்தனம் இல்லை, சந்தேக புத்தி.

அந்த இரண்டு வாரத்தில் படித்ததுதான் என்னைக் காப்பாற்றியது. இப்படி டயலைப் புதுசாக எழுதி, கிடைத்த பாகங்களைப் போட்டு ஒப்பேற்றிய வாட்சுகள் நம் நாட்டிலிருந்து ஏராளமாக வெளியே போய், சேகரிப்பவர்களிடம் 'மும்பை ஸ்பெஷல்' என்று கெட்ட பெயரே வாங்கியிருக்கின்றன. பழைய வாட்சின் விலையில் பெரும் பங்கு டயலுக்குத்தான். வெண்ணெய் நிறத்துக்கு மங்கிய டயலானாலும் எழுத்து அசலாக இருந்தால் மதிப்பு உண்டு. பளபளவென்று எழுதிவிட்டால் போச்சு, திரும்ப வராது. கேஸும் அப்படித்தான். பஃபிங்கில் விளிம்பெல்லாம் மழுங்கிவிடும்.

முள் விஷயம் இன்னும் மோசம். நாம் இருட்டில் மின்னுகிற ஸ்டிக்கரைக்கூட ரேடியம் என்கிறோம். 1950-களின் வாட்ச் முள்ளில் இருப்பது பெரும்பாலும் நிஜமான ரேடியம். மினுக்கும் பூச்சு செத்துப்போய் ஒளி நின்றிருக்கும், ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். அதைச் சுரண்டிப் பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது.

அப்புறம் ஒரு நண்பர் சொல்லி, சென்னையில் மாடிப்படிக்கு அடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். "பார்த்துச் சொல்ல இருநூறு ரூபா. ரிப்பேர் பண்ணணும்னா அது வேற பேச்சு" என்றார். இந்த இருநூறுதான் மொத்தக் கதையிலும் உருப்படியான செலவு.

கண்ணில் லூப்பை (குட்டி பூதக்கண்ணாடி) மாட்டிக்கொண்டு முதலில் டயலைத்தான் பார்த்தார். ஆறுக்குக் கீழே, விளிம்போரம், 'ஸ்விஸ் மேட்' என்கிற பொடி எழுத்து பிசிறில்லாமல் இருந்தது. பிறகு லூப்பை என்னிடம் கொடுத்து, "கண்ணாடிக்கு நட்டநடுவுல பாருங்க தம்பி" என்றார். ஒரு நிமிஷம் எதுவும் தெரியவில்லை. லேசாகச் சாய்த்தபோது, தூசி அளவுக்கு ஒரு ஒமேகா சின்னம். கம்பெனிக் கண்ணாடி என்பதற்கு அது அடையாளமாம். கீறல் விழுந்த அந்தக் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நான் பட்டியல் போட்டு வைத்திருந்தேன்.

பின்மூடியைத் திறந்தார். உள்ளே இயந்திரம் முழுக்கச் செம்பு நிறம், நேற்று வைத்ததுபோல. அதில் பொறித்திருந்த எண் ஒரு கோடியே அறுபது லட்சத்துச் சொச்சம். அந்த வரிசை 1958 வாக்கில் வந்தது. தாத்தா கல்யாணம் 1952.

மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் கீறியதுபோல எண்கள் இருந்தன: 9-64, 2-71, 11-79, 6-86. "ஒவ்வொரு தடவை சர்வீஸ் பண்ணும்போதும் எங்க ஆளுங்க போட்டு வைக்கிற குறி" என்றார் பெரியவர். கடைசிக் குறி 12-93. அதற்கடுத்த பொங்கலுக்குத்தான் அப்பா டைட்டன் குவார்ட்ஸ் வாங்கினார்.

டிக்டிக் சத்தத்தைக் கேட்டுக் கோடு போடும் மெஷினில் வைத்தார். இப்படியும் அப்படியுமாக ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் சக்கரம் 270 டிகிரிக்குப் பக்கத்தில் ஆடினால் ஆரோக்கியம். எங்களுடையது 170-க்கே மூச்சு வாங்கியது. எண்ணெய் காய்ந்துவிட்டது, உடைசல் எதுவும் இல்லை. "ஓடுதான்னு தினம் சாவி கொடுத்துப் பார்க்காதீங்க. வறண்டு ஓடினா தேயும்" என்றார். நான் அதைத்தான் ஒரு மாதமாகச் செய்துகொண்டிருந்தேன். சாவித் திருகு மட்டும் அசல் இல்லை, எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். கழற்றிக் கழுவி எண்ணெய் போட 6,000, சாவி கொடுக்கும்போது முறுக்கேறும் மெயின் ஸ்ப்ரிங்கை மாற்றினால் அதற்குத் தனி.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு வியாபாரி, ஓடாத வாட்ச் என்று 11,000-க்குக் கேட்டிருந்தார். சேகரிப்பவர்கள் இரண்டு பேரிடம் படங்களைக் காட்டினேன். இப்படியே என்றால் 30,000 பக்கம் தரலாம் என்றார்கள். சர்வீஸ் செய்துவிட்டால் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே பதில்: "நீங்க பண்ணினாலும் நான் என் ஆள்கிட்ட மறுபடி ஒரு தடவை கொடுப்பேன்." அவர்கள் கூட்டித் தரத் தயாராக இருந்தது மூவாயிரம். ஆறாயிரம் போட்டு மூவாயிரம் எடுக்க நான் எதற்கு?

இதுவே ஹெச்எம்டி ஜனதாவாக இருந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன். அதை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கட்டிக்கொள்ள வாங்குகிறார்கள், ஓடினால்தான் போகும், சர்வீஸ் செலவும் குறைவு. நாமே கட்டப்போகிற வாட்ச் என்றாலும் கணக்கே பார்க்க வேண்டாம், சர்வீஸ் செய்துவிடலாம்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. பற்பசையைத் துணியில் தொட்டு, டயலோ கேஸோ படாமல் கண்ணாடியின் மேல்பக்கத்தை மட்டும் பத்து நிமிஷம் தேய்த்தேன். அந்தக் காலத்துக் கண்ணாடி பிளாஸ்டிக்தான், சின்னக் கீறல் போய்விடும். சின்னம் உள்பக்கம் என்பதால் அதற்கு ஆபத்தில்லை. மற்றபடி நாலு மணி நேரம்தான் ஓடும், திருகு அசல் இல்லை, 1993-க்குப் பிறகு சர்வீஸ் இல்லை என்று எல்லாவற்றையும் எழுதி, திறந்த மூடியோடு படம் போட்டேன். தம்பிக்கு அதில் சம்மதமில்லை. "குறையை நாமளே ஏன்டா சொல்லணும்?" என்றான்.

பெங்களூரிலிருந்து ஒருவர் நேரில் வந்தார், சொந்த லூப்போடு. திருகுக்காக ஆயிரம் குறைத்து 31,000-க்கு முடிந்தது. ஆளுக்குப் பத்தாயிரம், மிச்சத்தில் அன்று எல்லோருக்கும் ஹோட்டல் சாப்பாடு.

கொடுப்பதற்கு முன் மூடியின் உள்பக்கத்தைப் பெரிதாகப் படமெடுத்து வைத்திருந்தேன். அம்மாவிடம் காட்டி, இயந்திரத்தின் எண்ணையும் காட்டி, இது 1958-க்கு முன் வந்திருக்கவே முடியாது என்று விளக்கினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தாள்.

"மாமா கல்யாணத்துல போட்டிருந்த வாட்ச்னு என் மாமியாரே சொல்லியிருக்காங்க. நம்பர் போட்டவன் தப்பாப் போட்டிருப்பான்."