அப்பாவின் ரத்த அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொண்ட கதை

என் அப்பா ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் 30 ஆண்டுகளுக்கும் மேலாக மேஸ்திரியாக இருந்தவர். நான் சேலத்தில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கணக்கு எழுதுகிறேன். 2023 டிசம்பரில், பழம் பறிக்கும் வேலை மும்முரமாக இருந்த நேரத்தில், இரண்டு கவளம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்று அவர் தட்டை நகர்த்தத் தொடங்கினார். ஒரு மாதம் கேஸ் மாத்திரையிலேயே கழிந்தது. அதன் பிறகு செய்த எண்டோஸ்கோபியில் இரைப்பையில் புண்ணோடு கூடிய கட்டி தெரிந்தது. சதைத் துணுக்கைப் பரிசோதித்ததில் (பயாப்ஸி) அது புற்றுநோய் என்று உறுதியாயிற்று.

அன்று மாலையே நான் செய்த முதல் காரியம் தேவையற்ற செலவு. ஒரு பரிசோதனைக் கூடத்தில் ‘கேன்சர் பேக்கேஜ்’ ஒன்றை எடுக்கச் சொன்னார்கள், பணத்தைக் கட்டிவிட்டேன். புற்றுநோய் இருந்தால் சிலருக்கு ரத்தத்தில் ஏறும் பொருள்களான சிஇஏ 2.1, சிஏ 19-9 என்பது 18 என்று இரண்டுமே இயல்பான அளவுக்குள் வந்தன. பயாப்ஸி தாள் கையில் இருந்தபோதே, அது தவறாக இருக்குமோ என்று ஒரு இரவு முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

புற்றுநோய் மருத்துவர் அந்த பேக்கேஜ் தாளை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்தார். இரைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் சிஇஏ உயர்வதே இல்லை என்றும், புகைபிடிப்பவர்களுக்கு நோய் இல்லாமலேயே அது சற்று ஏறியிருக்கும் என்றும், பித்தநாளம் அடைத்தால் சிஏ 19-9 தாறுமாறாக ஏறும் என்றும், பிறவியிலேயே அந்தப் பொருளைச் சுரக்காத உடம்புக்காரர்களும் உண்டு என்றும் சொன்னார். பிறகு, நாங்கள் கூடவே கொண்டுபோயிருந்த மிகச் சாதாரணமான ரத்த அறிக்கையை எடுத்து அதில் நான்கு இடங்களில் பேனாவால் வட்டமிட்டார். ஹீமோகுளோபின் 8.4. கல்லீரல் தயாரிக்கும் புரதமான அல்புமின் 3.1. உடலில் அழற்சி இருந்தால் ஏறும் சிஆர்பி 14. வெள்ளணுக்களில் நியூட்ரோபில் 70 சதவீதம், லிம்போசைட் 20 சதவீதம்.

கணக்கு எழுதுகிறவனுக்கு எண்களைக் காட்டினால் சும்மா இருக்க முடியாது. 70ஐ 20ஆல் வகுத்தால் 3.5. நியூட்ரோபில் அழற்சியின் பக்கம் நிற்பது, லிம்போசைட் நோயை எதிர்க்கும் பக்கம் நிற்பது. இந்த விகிதம் உயர உயர, நோயாளிகளின் கூட்டத்தில் ஆயுள் குறைவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சில ஆய்வுகள் 3ஐ எல்லையாகக் கொள்கின்றன, சில 5ஐ. அந்தக் குழப்பமே எனக்கு ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஜப்பானிய மருத்துவர் ஒனோடெரா 1984இல் சொன்ன இன்னொரு கணக்கும் உண்டு: அல்புமினைப் பத்தால் பெருக்கி, லிம்போசைட்டின் மொத்த எண்ணிக்கையை 0.005ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். அப்பாவுக்கு மொத்த வெள்ளணு 8,200. அதில் லிம்போசைட் 1,640. ஆக 31உம் 8.2உம் சேர்ந்து 39.2. நாற்பதுக்குக் கீழே இருந்தால் அறுவை சிகிச்சை ஆபத்தானது என்பது அவர் வைத்த எல்லை. கிளாஸ்கோ ஸ்கோர் என்ற மூன்றாவது கணக்கில் சிஆர்பி 10க்கு மேலும் அல்புமின் 3.5க்குக் கீழும் இருந்தால் 2 மதிப்பெண். இங்கே அதிக மதிப்பெண் என்றால் அதிகக் கேடு. அப்பா அதிலும் முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோய், “அப்படின்னா எவ்வளவு நாள் சார்?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், எனக்கு என்ன வேலை என்று கேட்டார். சேகோ ஆலை என்றதும், “லோடு வந்தா பாயிண்ட் எப்படிப் பார்ப்பீங்க?” என்றார். லாரியிலிருந்து கொஞ்சம் மரவள்ளிக் கிழங்கை எடுத்துக் கழுவி, தண்ணீரில் எடை போட்டு, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து மொத்த லோடுக்கும் விலை போடுவோம் என்றேன். “28 பாயிண்ட்னு வந்தா, அடியில கிடக்கிற ஒரு கிழங்கை எடுத்து இதுவும் 28தான்னு சொல்லுவீங்களா?” என்று கேட்டார். சொல்ல மாட்டேன். “இந்த எண்ணெல்லாம் லோடுக்கு. உங்க அப்பா ஒரு கிழங்கு. நான் வட்டம் போட்டது நாள் எண்ணுறதுக்கு இல்லை, இதுல எதை நம்மால மாத்த முடியும்னு பாக்கறதுக்கு” என்றார்.

சி.டி. ஸ்கேனும், வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பரவல் இருக்கிறதா என்று பார்க்கும் லேப்ராஸ்கோபியும் முடிந்தன, பரவவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவின் பெரும்பகுதி அதில் சேர்ந்தது. ஃப்ளாட் எனப்படும் நான்கு மருந்துகள் சேர்ந்த கீமோவை இரண்டு வாரத்திற்கு ஒருமுறையாக அறுவைக்கு முன் நான்கு, பின் நான்கு என்று முடிவு செய்தார்கள்.

அல்புமினை ஏற்றுவது நான் நினைத்தது போல முட்டை வெள்ளைக்கரு விஷயம் மட்டுமன்று. உடலில் அழற்சி இருக்கும்வரை கல்லீரல் அல்புமின் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு சிஆர்பியைத் தயாரிக்கும். கட்டி சுருங்கினால்தான் இரண்டும் திரும்பும். தவிர, அல்புமின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும் என்பதால் நேற்றைய சாப்பாடு இன்றைய தாளில் தெரியாது. ஆனாலும் அம்மா இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை கேழ்வரகுக் கூழ், பச்சைப்பயறு, முட்டை என்று கிண்ணத்தோடு அவர் பின்னால் அலைந்தாள். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி வந்ததால், சிகிச்சை முடியும்வரை அம்மாபேட்டையில் என் வீட்டிலேயே தங்கவைத்தோம்.

இரண்டாவது கீமோவுக்குப் பின் எடுத்த அறிக்கை என்னை நிலைகுலையச் செய்தது. மொத்த வெள்ளணு 24,600. நியூட்ரோபில் 88, லிம்போசைட் 7. விகிதம் 12ஐத் தாண்டியது. அன்று ஆலையில் எனக்கு ஒரு வரவு கூடச் சரியாக ஏறவில்லை. மாலையில் செவிலியரிடம் காட்டியபோது அவர் அப்பாவின் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கீமோவில் குறையும் வெள்ளணுவை ஏற்றுவதற்காக முந்தைய நாட்களில் போட்ட ஊசிதான் நியூட்ரோபிலை அப்படி ஏற்றியிருந்தது. வாந்திக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டும் அதையே செய்யும். சளிக் காய்ச்சலும் செய்யும். அன்றிலிருந்து நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் என்ன ஊசி, என்ன மாத்திரை, காய்ச்சல் உண்டா என்று ஒரு பத்தி சேர்த்தேன். கூடம் மாறினால் முறையும் கருவியும் மாறும் என்பதால் ஒரே கூடத்திலேயே ரத்தம் கொடுத்தோம்.

நான்காவது கீமோ முடிந்து அறுவைக்கு முன் எடுத்ததில் அல்புமின் 3.7, சிஆர்பி 4, விகிதம் 2, ஒனோடெரா கணக்கு 46. அந்த எண்கள் அறுவையைத் தாங்குவார் என்ற தைரியத்தைத் தந்தன. ஆனால் அறுவை முடிந்தபின் மருத்துவர் பெரிதாகப் பேசியது ரத்தத்தைப் பற்றி அல்ல, வெட்டி எடுத்த திசுவைப் பற்றி. நெறிக்கட்டிகளில் குறைந்தது 16 பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது விதி. அப்பாவுக்கு 24ஐப் பார்த்ததில் இரண்டில் மட்டும் நோய் இருந்தது. எந்த ரத்த எண்ணும் அந்த வரிக்கு ஈடாகவில்லை.

பின்னால் போட வேண்டிய நான்கு கீமோவில் மூன்றுதான் அவரால் முடிந்தது. கை கால் விரல்கள் மரத்துப்போய் நின்றுவிட்டது. இரைப்பை முழுவதும் எடுத்தவருக்கு வைட்டமின் பி12 உணவிலிருந்து சேராது என்பதால் அது ஊசியாகப் போகிறது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ரத்த எண்ணிக்கை, அல்புமின், இரும்புச்சத்து, பி12 என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். கடைசியாகப் போனபோது ரத்தம் எடுக்கும் பையன், “அண்ணா, இதோட கேன்சர் பேக்கேஜும் போட்டுரலாமா?” என்று கேட்டான். சீட்டில் இருப்பதை மட்டும் போடு தம்பி என்றேன். அப்பா சட்டைக் கையை மடக்கிக்கொண்டே, “பாயிண்ட் எத்தனைன்னு சாயங்காலம் சொல்லு” என்றார்.