பழைய அமெரிக்கக் கல்லூரி மாணவரைத் தேடிப் பிடிக்கும் வழி

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைப் பற்றி ஆராயப் புகுந்தால், ஏதோ ஒரு கட்டத்தில் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளின் பழைய ஏடுகளைப் புரட்டியே ஆக வேண்டும். அந்த மிஷனைச் சேர்ந்தவரும் வட்டுக்கோட்டை செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தை 1823இல் தொடங்கியவருமான டானியல் பூவர், 1811இல் அங்குள்ள டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றவர். தமிழ்-ஆங்கில அகராதி தந்த மைரன் வின்ஸ்லோ 1815இல் மிடில்பெரி கல்லூரியில் முடித்தவர்.

முதலில் எடுக்க வேண்டியது பொதுப் பட்டியல். பட்டம் வாங்கிய எல்லோரையும் ஆண்டுவாரியாக அடுக்கிய புத்தகம் அது. ஹாத்தி டிரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகிய இணைய நூலகங்களில் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் முழுப்பெயரை அடித்துத் தேடினால் பல சமயம் ஒன்றுமே வராது. ஹார்வர்டின் பழைய பட்டியல்கள் லத்தீனில் அச்சானவை. சார்ல்ஸ் அங்கே கரோலஸ், ஜேம்ஸ் யாக்கோபஸ். அதனால் குடும்பப் பெயரை மட்டும் போட்டுத் தேடுங்கள். பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் ஏதோ பரிசு வாங்கியவர் என்று நினைத்துவிட வேண்டாம். பட்டியல் அச்சாகும் முன்பே இறந்துபோனவர் என்று பொருள். ஸ்கேனில் அந்தக் குறி எழுத்தாக மாறிப் பெயரோடு ஒட்டிக்கொண்டு தேடலைக் கெடுப்பதும் உண்டு.

பெயருக்குப் பக்கத்தில் ‘ஏ.எம்.’ என்று கண்டதும் முதுகலை படித்தவர் என்று எழுதிவிடுகிறார்கள். நம்மவர் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கும் பிழை இது. ஹார்வர்டில் 1872 வரை, இளங்கலை முடித்து மூன்று ஆண்டு கழிந்தவர் 5 டாலர் கட்டினாலே அந்தப் பட்டம் வந்துவிடும். வகுப்பும் கிடையாது, தேர்வும் கிடையாது.

அடுத்தது ஆண்டுப் பட்டியல். அந்தந்த ஆண்டில் படித்துக்கொண்டிருந்தவர்களைக் காட்டும் புத்தகம் அது. பட்ட ஆண்டிலிருந்து நான்கைக் கழித்தால் சேர்ந்த ஆண்டு வரும். ஆனால் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களும் இருந்ததால், நான்கு பட்டியல்களையும் பார்த்துவிடுவது நல்லது. சொந்த ஊர், விடுதி அறை, நுழைவுத் தேர்வுக்குரிய லத்தீன், கிரேக்க நூல்கள், கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். குளிர்காலத்தில் ஆளைக் காணோமென்றால் மட்டம் போட்டதாக எண்ண வேண்டாம். டார்ட்மத் போன்ற இடங்களில் ஏழை மாணவர்கள் அந்த மாதங்களில் கிராமப் பள்ளிகளில் பாடம் நடத்தித்தான் கட்டணத்துக்கு வழி பார்த்தார்கள்.

கணக்கேடுகளில் ஷில்லிங் என்று வந்தால் இங்கிலாந்துக் காசு என்று கொள்ளாதீர்கள். டாலர் வந்த பிறகும் நெடுநாள் பேச்சில் தங்கிவிட்ட உள்ளூர்க் கணக்கு அது. நியூ இங்கிலாந்தில் ஒரு டாலருக்கு 6 ஷில்லிங், நியூயார்க்கில் 8. ஊரை மாற்றிப் போட்டால் முழுச் செலவுக் கணக்கும் பிசகிவிடும்.

பட்டியலைப் பார்த்தால் கல்லூரியின் விதிமுறை தெரியும். நாள் எப்படிக் கழிந்தது என்பதற்குக் கடிதங்கள்தான் வேண்டும். 1847இல் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் செமினரியில் சேர்ந்த கவிஞர் எமிலி டிக்கின்சன் தோழிக்கு எழுதியது இதற்கு அருமையான சான்று. ஆறு மணிக்கு எழுந்து, ஏழுக்குச் சிற்றுண்டி, எட்டுக்குப் படிப்பு, ஒன்பதுக்கு வழிபாடு. மாலை மூன்றே முக்காலுக்கு, தாமதமாக வந்தது, படிப்பு நேரத்தில் பேசியது, அறையில் விருந்தாளியைச் சேர்த்தது எல்லாவற்றையும் தாங்களே ஒப்பிக்க வேண்டும். வீட்டு வேலையை மாணவியரே பங்கிட்டுக்கொண்டார்கள்; இவர் பங்கு சாப்பாட்டு மேசைக் கத்திகள். பகலில் அவற்றை எடுத்துவைப்பது, இரவில் கழுவித் துடைப்பது.

கடிதத்தைப் படிப்பதுதான் பெரும்பாடு. 1845 வரை தபால் கட்டணம் தாளின் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் ஏற்ப இருந்ததால் ஒரே தாளில் எல்லாவற்றையும் அடைத்தார்கள். பக்கம் நிரம்பியதும் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவார்கள். கட்டணம் குறைந்த பிறகும் பழக்கம் போகவில்லை. கடிதத்தின் படத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை 90 பாகை திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு திசை வரிகளை முழுதாகப் படியெடுத்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். உறை கிடையாது, தாளையே மடித்து அரக்கு வைத்தார்கள். பிரித்தபோது அரக்கோடு தாள் கிழிந்து ஓரத்தில் சில சொற்கள் போயிருக்கும். படியெடுக்கும்போது அந்த இடத்தை ஊகத்தால் நிரப்பாமல், எத்தனை சொல் அளவு இடைவெளி என்று அடைப்புக்குறிக்குள் குறித்துவிட்டு மேலே போங்கள்.