கட்டிக்குப் பக்கத்துத் திசு நார்மல்தானா?

நுரையீரல் புற்றுநோயில் மரபணு வெளிப்பாட்டை ஆராய்பவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியிலிருந்து ஒரு துண்டு, அதே நுரையீரலில் கொஞ்சம் தள்ளி, கண்ணுக்கு நலமாகத் தோன்றுகிற இடத்திலிருந்து இன்னொரு துண்டு. இரண்டிலும் சுமார் 20,000 மரபணுக்கள் எவ்வளவு ஆர்.என்.ஏ. (மரபணு வேலை செய்யும்போது உருவாகும் அதன் நகல்) உண்டாக்குகின்றன என்று அளந்து ஒப்பிட்டால், வித்தியாசம்தான் புற்றுநோய். ஒரே ஆள் என்பதால் வயது, பரம்பரை, புகைப்பழக்கம் எதுவும் கணக்கைக் குழப்பாது. நானும் வெகுநாள் இதை அப்படியே நம்பியிருந்தேன்.

ஆனால் பக்கத்துத் திசு ஒன்றும் அறியாத சாட்சி இல்லை. வாய்ப் புற்றுநோயில், கட்டியைச் சுற்றி நலமாகத் தோன்றும் பகுதியும் மாறியிருக்கிறது என்று 1953-லேயே எழுதிவிட்டார்கள். 2007-இல் நுரையீரலுக்கும் அதே கதை: புகைபிடிப்பவர்களின் மூச்சுக்குழாயிலிருந்து தூரிகையால் எடுத்த செல்கள், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சாதாரண செல்கள், ஆனால் அவற்றில் 80 மரபணுக்களின் அளவை வைத்தே நுரையீரலில் எங்கோ புற்றுநோய் இருக்கக்கூடும் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. அப்புறம் 2017-இல் பல உறுப்புகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, கட்டியை ஒட்டிய திசு ஆரோக்கியமான திசுவுக்கும் கட்டிக்கும் இடைப்பட்ட தனி நிலையில் இருந்தது. கட்டி அனுப்பும் அழற்சிச் சமிக்ஞைகள் அக்கம்பக்கத்தையும் எட்டுகின்றன.

இதில் என்னை உறுத்துவது, கட்டியிலும் பக்கத்திலும் ஒருசேர உயர்ந்திருக்கும் மரபணு கழித்தலில் காணாமல் போய்விடும் என்பதுதான். அது ஒருவேளை நோயின் முதல் படியாகவே இருக்கலாம், நம் பட்டியலிலோ அதற்கு இடமே இருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏஜர் என்ற மரபணு கட்டியில் வெகுவாகக் குறைகிறது. அதை அதிகம் உண்டாக்குபவை காற்றறைகளின் மெல்லிய செல்கள். கட்டித் துண்டில் அந்தச் செல்களே அரிது என்னும்போது, மரபணு அணைக்கப்பட்டதா, செல்லே இல்லையா? துண்டை மொத்தமாக அரைத்து அளந்தால் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும், செல் செல்லாகப் பிரித்து அளந்தால்தான் விடை கிடைக்கும்.

சரி, புற்றுநோயே இல்லாதவர்களின் நுரையீரலோடு ஒப்பிடலாமே என்றால், அந்த மாதிரிகளில் பெரும்பகுதி இறந்தவர்களிடமிருந்து வருகிறது, வேறு ஆய்வகம், வேறு கையாளல், அந்த வித்தியாசங்களும் எண்களில் கலந்துவிடும். அதனால் கட்டி, பக்கத்துத் திசு, புற்றுநோய் இல்லாதவர்களின் திசு மூன்றையும் ஒரே முறையில் சேகரித்து அளந்த தரவு கிடைத்தால் முதலில் அதைத்தான் எடுப்பேன். கிடைக்காதபோது தரவு அட்டவணையில் 'நார்மல்' என்ற நெடுவரிசைக்கு 'கட்டியை ஒட்டியது' என்றே பெயர் வைக்கிறேன்.