படுகையில் ஐந்து விரல்

டிசம்பர் 20

விடிந்து ஒரு மணி நேரமாகியும் மார்கழிப் பனி விலகவில்லை. கொள்ளிடப் படுகையில் மூங்கில் கொத்துகளைத் தாண்டி நாணலுக்குள் இறங்கினேன். மழைத் தண்ணீர் வடிந்து, வண்டல் தோசை மாவு பதத்தில் கிடந்தது. அதன் மேல் ஒரு தடம். நாய்தான் என்று தாண்டப் போனவன் நின்றுவிட்டேன். விரல் ஐந்து!

நாய்க்கும் நரிக்கும் நான்குதான் பதியும். காட்டுப்பூனைக்கும் நான்குதான், அதுவும் நகம் தெரியாது. கீரிக்கு ஐந்து உண்டு, ஆனால் பாதம் சின்னது. பக்கத்தில் தீப்பெட்டியை வைத்துப் பார்த்தேன். தடம் அதைவிடப் பெரிது.

டிசம்பர் 21

படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். "உடும்புடா" என்றார். அதற்கும் ஐந்து விரல்தான், சரி. ஆனால் வெயில் ஏறாமல் உடும்பு வெளியே வராது. நான் பார்த்தது விடியலில், ஓரம்கூட உலராத தடம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 22

ஒன்றுமில்லை. இரவு தூறல், எல்லாம் அழிந்துவிட்டது.

டிசம்பர் 24

இன்று கிடைத்தது. மடுவின் ஓரத்தில் நாணல் சாய்ந்து, மண்ணில் ஏதோ புரண்ட அடையாளம். விரல்களுக்கு நடுவே சவ்வு பதிந்திருந்தது. பக்கத்து மேட்டில் எச்சம், ஒரே இடத்தில் பழையதும் புதியதுமாக. குச்சியால் கிளறினேன்: மீன் செதில், நண்டு ஓட்டுத் துண்டுகள். கவிச்சி வாடை குப்பென்று ஏறியது.

வலை எடுக்க வந்த அண்ணன் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"நீர்நாய் தம்பி. குடும்பமா வரும்."

இந்த மாதத்தில் இரண்டு முறை அவர் வலையைக் கடித்துவிட்டதாம். கோபம் இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாம? ஆனா அது வர்ற மடுவுலதான் மீனும் கெடக்கு."

மருத நிலத்து நீர்நாய் வாளை மீனைப் பிடிப்பது சங்கப் பாட்டிலேயே வருகிறது. நம் ஆற்றின் பழைய குடி அது. தோலுக்காகப் பொறி வைத்துப் பிடித்துப் பிடித்தே பல ஊர்களில் இல்லாமல் போய்விட்டது. இந்த இனத்தின் மீதான பன்னாட்டு வணிகத்துக்கு 2019-ல்தான் முழுத் தடை வந்தது. தோல் தப்பினாலும், கரையில் வளை தோண்ட நாணலும் மண்ணும் மிஞ்ச வேண்டுமே. மணல் அள்ளிய பள்ளங்களைத் தாண்டித்தான் நான் தினமும் இங்கே வருகிறேன். அந்தப் பக்கம் ஒரு தடம்கூட இல்லை.

பெரியப்பாவிடம் சொன்னேன். "நான் சின்னப் பையனா இருந்தப்போ பார்த்தது. இன்னும் இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

டிசம்பர் 29

பெரியப்பாவும் வந்தார், தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு. மடுவுக்கு நூறடி முன்பே செருப்பைக் கழற்றிவிட்டார்.

பெரிய தடங்களுக்குப் பக்கத்தில் இன்று சின்னத் தடங்கள், தீப்பெட்டிக்குள் அடங்குகிற அளவு. இரண்டு குட்டி இருக்கலாம். தடத்துக்குள் அப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பனிக்குள் எங்கேயோ ஒரு கீச்சொலி, அப்புறம் தண்ணீரில் தளக் என்று ஒரு சத்தம். பெரியப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். அதற்கு மேல் ஓர் அடியும் வைக்காமல் இருவரும் கரையேறிவிட்டோம்.

மடு எந்த ஊர்ப் பக்கம் என்று மட்டும் இங்கே எழுத மாட்டேன்.