எவர்சில்வர் நுழையாத அடுப்பு

டெல்லி முனிர்காவில் நான் பார்த்த மாடி அறைகளில் பலவற்றுக்கு ஒரே நிபந்தனைதான்: காஸ் சிலிண்டர் வைக்கக் கூடாது. குறுகலான சந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் கட்டடங்கள். தீப்பிடித்தால் வண்டி உள்ளே வர வழியில்லை, வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் அமைந்த அறையில், முன்பு இருந்தவர் விட்டுப்போன இருபது லிட்டர் மைக்ரோவேவ் ஒன்று மூலையில் கிடந்தது. சங்கரன்கோவிலிலிருந்து வந்த என் பெட்டியிலோ அம்மா கட்டிக்கொடுத்த எவர்சில்வர் பாத்திரங்கள். இரண்டுக்கும் ஆகவே ஆகாது.

"ஏலே, சட்டி இல்லாம எப்படிலே சோறாக்குவ?" என்று போனில் அம்மா.

"கண்ணாடிப் பாத்திரம் வாங்கியிருக்கேம்மா."

"கண்ணாடியில ஆக்குனா வெடிச்சிராதா?"

அது நல்ல கேள்விதான். சாதாரணக் கண்ணாடி டம்ளர் வெடிக்கலாம். அடுப்புக்கென்று விற்கிற போரோசிலிகேட் கண்ணாடி தாங்கும். அதையும் கொதிக்கக் கொதிக்க எடுத்து ஈரமான கடப்பைக் கல்லில் வைத்தால் விரிசல் விடும். அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டுவிட வேண்டும்.

எவர்சில்வர் ஏன் ஆகாது என்பதற்குக் காரணம் எளிது. 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைகள் உணவிலுள்ள நீரைக் குலுக்கிச் சூடேற்றுகின்றன. கண்ணாடியையும் பீங்கானையும் ஊடுருவிப் போகும் அவை, உலோகத்தில் பட்டால் திரும்பிவிடும். அப்புறம் பாத்திரத்துக்குள் இருக்கும் அரிசிக்குச் சூடு எங்கிருந்து வரும்? பாத்திரத்தின் விளிம்பு உட்சுவரை ஒட்டி நின்றால் பொறியும் பறக்கும். தங்கக் கோடு போட்ட தட்டுக்கும் இதே கதிதான். இந்த அலைகளை உண்டாக்கிப் பெட்டிக்கு உயிர் கொடுக்கும் மேக்னட்ரான் என்ற குழாய் ராடாருக்காகச் செய்யப்பட்ட சாமான். அதைக் கொண்டு சமைக்க முடியும் என்று 1945 வாக்கில் கண்டுகொண்ட பெர்சி ஸ்பென்சர் ஒரு பொறியாளர். சமையல்காரர் யாரும் இதை வடிவமைக்கவில்லை என்பது தாளிக்கும்போது நன்றாகவே தெரியும்.

பாத்திரத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். டெல்லியில் குர்ஜா பீங்கான் எங்கும் கிடைக்கிறது. பக்கத்து உத்தரப்பிரதேசத்து ஊர், பீங்கானுக்குப் பேர்போனது. நடைபாதைக் கடைகளில் குவியலிலிருந்து பொறுக்கி எடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டுத்தான் புழங்க வேண்டும். காலிப் பாத்திரத்தை உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் சில்லென்றிருந்தால் நல்ல பாத்திரம். பாத்திரமே சுட்டால் அது குழம்பு ஊற்றிச் சாப்பிட மட்டும். ஹாஸ்டல், மெஸ்களில் பார்க்கும் மெலமைன் தட்டுகள் இதில் தோற்றுவிடும். பிளாஸ்டிக்கில், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும் பாலிபுரொப்பிலீன் டப்பா சோற்றைச் சூடாக்கப் பரவாயில்லை. எண்ணெய் மிதக்கும் குழம்பை அதிலும் வைக்க மாட்டேன். எண்ணெயின் சூடு தண்ணீரின் சூட்டோடு நிற்பதில்லை.

இனி என்ன சமைப்பது. யூடியூபில் கேக்கிலிருந்து பிரியாணி வரை எல்லாம் காட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: ஆவியிலும் கொதியிலும் வேகிற பண்டமெல்லாம் இதில் நடக்கும், எண்ணெயில் சிவக்க வேண்டிய எதுவும் நடக்காது. பூரி, வடை, தோசை, மீன் வறுவல் நினைப்பையே விட்டுவிட வேண்டும். எண்ணெய் பிரிந்து சுருள வேண்டிய வத்தக்குழம்பும் இதில் வெறும் புளித்தண்ணீர்தான். ராஜ்மா, கொண்டைக்கடலை வேகவைக்க ஆசைப்பட்டால் மின்கட்டணம்தான் வேகும்.

சோறு நன்றாகவே வரும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பொன்னி பச்சரிசி கிடைக்கிறது. ஒரு கப் அரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து, இரண்டரைக் கப் தண்ணீர் விட்டு, பாதிக்கு மேல் காலியாக நிற்கும் அளவுக்குப் பெரிய கிண்ணத்தில் மூடாமல் முழுச் சூட்டில் பத்து நிமிடம். மேலே குழி குழியாகத் தெரியும்போது மூடி போட்டு, பாதிச் சூட்டில் இன்னும் ஐந்து நிமிடம். பிறகு திறக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும். அலை நின்ற பிறகும் உள்ளே இருக்கும் சூடு வேலையை முடிக்கும். பொறுமையில்லாமல் திறப்பவர்கள்தான் நடுவில் வேகவில்லை என்று புலம்புகிறார்கள். சின்னக் கிண்ணத்தில் வைத்தால் கஞ்சி பொங்கிச் சுழல்தட்டெல்லாம் வழியும்.

பொரியலுக்கு இதைவிட நல்ல அடுப்பு இல்லை என்பேன். பொடியாக நறுக்கிய பீன்ஸில் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிக் கொஞ்சம் இடைவெளி விட்டு ஆறேழு நிமிடம். பச்சை நிறம் மாறாது. உப்பைக் கடைசியில் போடுவது நல்லது, முதலிலேயே மேலே தூவினால் காய் அங்கங்கே வதங்கிப் போகிறது. பயத்தம்பருப்பும் மைசூர்ப் பருப்பும் ஊறவைத்தால் வெந்துவிடும். துவரம்பருப்பு சண்டித்தனம் செய்யும். குளிர்காலத்தில் இங்கே பர்த்தா என்கிற சுட்ட கத்தரிக்காய் மசியலுக்காகக் குவியும் குண்டுக் கத்தரிக்காயை முள்கரண்டியால் நாலு பக்கமும் குத்தி, எண்ணெய் தடவி வைத்தால் கொத்சுக்குப் பதமாகக் குழைந்துவிடும். சுட்ட வாசனை மட்டும் வராது. குத்தாமல் வைத்தால் வெடிக்கும். முட்டையும் அப்படியே, ஓட்டோடு வைக்கவே கூடாது.

தாளிப்பு தனிக்கதை. எண்ணெய் இந்த அலைகளைச் சரியாக வாங்கிக்கொள்வதில்லை. தடித்த சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு கரண்டி எண்ணெயும் கடுகும் போட்டுத் தட்டால் மூடி ஓட்டினால், இரண்டு நிமிடம் வரைக்கும் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். திடீரென்று முதல் கடுகு 'டப்' என்று தட்டில் மோதும். அதோடு நிறுத்தி, உளுந்தையும் கறிவேப்பிலையையும் வெளியே எடுத்துத்தான் போட வேண்டும். உள்ளேயே போட்டால் கடுகு வெடிப்பதற்குள் உளுந்து கருகிவிடும். கிண்ணத்தைத் துணியில்லாமல் தொடாதீர்கள்.

ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் பழக்கமான மதுரைக்கார அக்கா ஒருவர், கணவர் மத்திய அரசு வேலை, அரசுக் குடியிருப்பில் இருக்கிறார். "தம்பி, நீ கடுகுக்காக ஏன் இவ்வளவு கஷ்டப்படுற? ஒரு பாட்டில்ல தாளிச்சுத் தரேன், ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கோ" என்றார். தந்தார். பழைய தாளிப்புக்கு மணம் குறைவு என்றாலும் மோர்க்குழம்புக்குப் போதும். அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்று அப்பளம். வெறும் அப்பளத்தை வைத்தால் முக்கால் நிமிடத்தில் பூத்துவிடுகிறது, ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை கரண்ட் சம்பந்தப்பட்டது. பெட்டியின் மேல் 800 வாட் என்று எழுதியிருப்பது உணவுக்குப் போகும் சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது 1,200 வாட் அளவுக்கு இருக்கும். 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் மாட்ட வேண்டும். ஜனவரிக் காலையில் கீசரையும் இதையும் ஒன்றாகப் போட்டால் எங்கள் மாடி முழுக்க இருட்டு. அதனால் பீகார்க்கார அறைத்தோழனும் நானும் முறை வைத்துக்கொண்டோம்: அவன் குளிக்கும்போது நான் காய் நறுக்குவேன்.

மைக்ரோவேவ் எனக்கு மிகவும் உதவியது அது ஓடாத நேரத்தில்தான். டெல்லிக் குளிரில் இட்லி மாவு புளிக்கவே புளிக்காது. வெளியே வைத்தால் மறுநாளும் அரைத்தபடியே இருக்கும். மாவை உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு பாத்திரம் கொதிக்கும் தண்ணீர் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் வெதுவெதுப்பு தங்கும். படுக்கும்முன் ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் மறுநாள் மதியத்துக்குள் பொங்கிவிடும். ஓடாத பெட்டிதானே, அம்மாவின் எவர்சில்வர் தூக்குச்சட்டியும் உள்ளே போகலாம். ஆனால் தோழன் டீ போடுகிறேன் என்று பொத்தானை அமுக்கிவிடாமல் கதவில் இந்தியில் ஒரு சீட்டு ஒட்டி வைக்க வேண்டும். மே மாதத்தில் இந்த வேலை ஒன்றும் கிடையாது. காலையில் கரைத்த மாவு மதியத்துக்குள் வழிந்து தரைக்கு வந்துவிடுகிறது.