ஹுலூசியில் சுருதி மாற்றம்: தேர்வில் நான் சொதப்பிய கதை

சீனாவின் குன்மிங்கில் படித்தபோது பொழுதுபோக்காகத்தான் ஹுலூசி கற்க ஆரம்பித்தேன். யுன்னான் மாகாணத்து டாய் இன மக்களின் வாத்தியம் அது. சுரைக்குடுக்கையின் காம்பு வழியாக ஊத வேண்டும். அடியில் செருகிய மூங்கில் குழல்களில் நடுக்குழலில்தான் வாசிப்பு, அதற்கு 7 துளை. பக்கக் குழல் தம்பூரா போல ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

தரத் தேர்வுக்குப் பெயர் கொடுத்த பிறகுதான் சுருதி மாற்றம் என்ற தலைவலி வந்தது. ஒரே குழலில் வேறு கட்டைக்கு, அதாவது ச எந்த உயரத்தில் நிற்கிறது என்ற அளவுக்கு, மாற வேண்டும். சுரங்களை 1, 2, 3 என்று எழுதும் சீன எண் முறையைவிட நம் ச ரி க ம-வில் யோசித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

1 கட்டை ஹுலூசியில் எல்லாத் துளையையும் மூடினால் கீழ் ப. அடியிலிருந்து மூன்றைத் திறந்தால் ச. மேலே த வரை போகும், ஆக ஒன்பது சுரம்தான். உள்ளே இருப்பது உலோக நாக்கு என்பதால், புல்லாங்குழல் போல அழுத்தி ஊதி அடுத்த ஸ்தாயிக்குத் தாவ முடியாது.

இப்போது அந்த மூடிய சுரத்தையே ச என்று வைத்தால் 5 கட்டை. ரி என்று வைத்தால் 4 கட்டை. அட, இது நம்ம கிரக பேதம்தானே, அதே சுரங்களில் வேறொன்றை ச-வாக வைத்து வேறு ராகம் பெறுவது! பழைய விரல்களிலேயே போனால் 5 கட்டையில், 1 கட்டையில் கிடைத்த சங்கராபரண ராகம் வராது, ஹரிகாம்போதி வரும். நி-யை அரை சுரம் ஏற்ற வேண்டும். 4 கட்டையில் கல்யாணி வரும். ம-வை அரை சுரம் இறக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சுரம்தான் புதிது, அதை மட்டும் தினமும் பத்து நிமிடம் தேய்த்தால் போதும். மோகனம் போல ம, நி இல்லாத மெட்டுகளில் இந்தச் சிக்கலே தெரியாது. நான் ஏமாந்ததும் அங்கேதான்.

எந்தக் கட்டை என்று முடிவு செய்யும் முன் மெட்டின் மிகக் கீழான சுரத்தைப் பாருங்கள். கீழ் ப வருகிறதா? 5 கட்டை விரல்முறை உதவாது, அதில் ச-வுக்குக் கீழே எதுவும் இல்லை. 4 கட்டையிலோ கீழ் ச-வே இல்லை, மேல் ச மட்டும்தான். மெட்டு கீழ் ச-வில் வந்து உட்கார்ந்தால் வேறு குழல்தான் எடுக்க வேண்டும்.

சரி, சொதப்பலுக்கு வருகிறேன். விரல்களை எல்லாம் சரியாகத்தான் பழகியிருந்தேன். பக்கக் குழலை மறந்துவிட்டேன். அது 1 கட்டையில் க. 5 கட்டைக்கு மாறினால் த ஆகும், காது பொறுத்துக்கொள்ளும். 4 கட்டையில் அதுவே நி! ச-வில் நான் நிற்க நிற்க, பக்கத்தில் நி இரைந்துகொண்டே இருந்தது. தேர்வாளர் தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். நடுவில் நிறுத்திப் பக்கக் குழலை அடைக்கவும் கை இல்லை.

அடுத்த முறை, மாற்றத்துக்கு முந்தைய இடைவெளியில் இசைத்தாளில் பென்சிலால் ‘அடை’ என்று எழுதிவைத்தேன். அந்த இரண்டு தாள வட்டத்துக்குள் பக்கக் குழலில் அடைப்பானைச் செருகுவதையும் பாடத்தோடு சேர்த்தே பழகினேன்.