ஹச்சிகோவும் எங்கள் ஒழுங்கை நாயும்

ஓகஸ்ட் 2

சனசமூக நிலையத்தில் இன்று பிள்ளைகளுக்கு ஹச்சிகோவின் கதை சொன்னேன். டோக்கியோவில் பேராசிரியர் உயெனோ வளர்த்த அக்கிதா நாய். 1925 மே மாதம் வேலைக்குப் போன இடத்தில் அவர் இறந்துபோனார். ஹச்சிகோ 1935 மார்ச்சில் தான் சாகும்வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய் அவருக்காகக் காத்திருந்தது.

அதன் விசுவாசத்தை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது நடுவில் நடந்த சங்கதி. தொடக்கத்தில் அந்த நிலையத்தில் அதை அடித்துத் துரத்தியவர்களும் இருந்தார்கள். 1932இல் ஒரு நாளிதழில் அதன் கதை வந்த பிறகு, ஆட்கள் சாப்பாட்டோடு தேடி வந்தார்கள். 1934இல் சிலையே வைத்தார்கள், அந்தத் திறப்புவிழாவுக்கு ஹச்சிகோவும் வந்திருந்தது. அது யாருக்காக நிற்கிறது என்று சனத்துக்குத் தெரிந்ததும் கை தானாக இளகிவிட்டது.

"சேர், முந்தி அடிச்ச ஆக்கள் பிறகு என்ன செய்தவை?" என்று ஒரு பொடியன் கேட்டான்.

"அவையும் சோறு குடுத்திருப்பினம்" என்றாள் பக்கத்தில் இருந்த பிள்ளை.

ஓகஸ்ட் 4

சரியான வெயில். ஒழுங்கையில் திரியும் நொண்டிப் பெட்டை நாய்க்குப் பொடியன்கள் 'ஹச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். போன மாதம் கல்லெறிந்தவர்களும் இவர்கள்தான். படலையடியில் தண்ணீர்ச் சட்டி ஒன்றும் வைத்திருக்கிறார்கள்.

ஓகஸ்ட் 9

இன்று கதை சொன்னது அம்மா. 1995 ஒக்டோபர் 30, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே வெளிக்கிட்டு நாவற்குழிப் பக்கம் போன இரவு.

"மாட்டை என்னெண்டு கொண்டுபோறது? கயித்தை அவிட்டு விட்டன். எங்கயாவது மேஞ்சு பிழைச்சுக்கொள் பிள்ளை எண்டு சொன்னன். அது போகேல்லை, படலைவரைக்கும் பின்னால வந்தது."

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது மாடு இல்லை. பட்டிப்பொங்கலுக்கு அயல்வீட்டு மாட்டுக்கு ஊட்டிய பிறகுதான் அம்மா இன்றும் வாயில் வைப்பார். காரணம் பிள்ளைகளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். எந்தப் புத்திமதிக்கும் அவர்கள் இப்படி வாய்மூடி இருந்ததை நான் கண்டதில்லை.

ஓகஸ்ட் 12

பழைய தெருக்கரையில் கேணிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆவுரஞ்சிக்கல்லைக் காட்டக் கூட்டிப்போனேன். மாடு முதுகு உரஞ்சுவதற்கென்றே நட்ட கல். தினவெடுத்த மாட்டை யாரோ நின்று பார்த்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் இது தோன்றாது.

அப்புறம் அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன் கதை. கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனை மன்னன் அதேபோலத் தண்டித்தான் என்கிறது இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம். பெரியபுராணம் இதையே திருவாரூரில், மனுநீதிச் சோழன்மேல் வைத்துச் சொல்கிறது. நீதி நியாயம் எல்லாம் பிள்ளைகளைத் தொடவில்லை. நியாயம் கேட்டு மன்னனின் மணியை அடித்த தாய்ப்பசுவைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர்கள் பிடித்த இடம் சரி என்றே நினைக்கிறேன்.

ஓகஸ்ட் 16

ஹச்சியைத் தொட விடுவதில் சில தாய்மாருக்குப் பயம். விசர்நாய்க்கடி விளையாட்டில்லை, பயம் நியாயமானது. கடித்தாலோ நகம் கீறினாலோ உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சாப்பிடும்போது கிட்டப் போகக்கூடாது என்றும் சொன்னேன்.

கதையால் வந்த அன்பு ஊசியிலும் போய் நிற்க வேண்டும். புதன்கிழமை கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக ஒழுங்கை ஓட்டோக்காரர் சம்மதித்துவிட்டார். அதற்குள் ஒரு வாய்க்கட்டு வாங்க வேண்டும்.